வெஸ்ட்ரி மேசையில் எண்ணப்படும் பணம்

ஞாயிறு ஆராதனையின் இறுதி ஆசீர்வாதம் கூறப்பட்டு, சபையார் வேப்பமர நிழலில் நின்று ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருக்கும் அந்தக் கால்மணி நேரத்தில், ஆலயத்தின் பக்கவாட்டிலுள்ள வெஸ்ட்ரி அறையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருக்கும். வெல்வெட் காணிக்கைப் பைகள் மேசைமேல் கவிழ்க்கப்படும். கசங்கிய பத்து ரூபாய்த் தாள்கள், சிறுவர்கள் போட்ட நாணயங்கள், அடுத்தவர் கண்ணில் படாதபடி நான்காக மடிக்கப்பட்ட ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், பிறந்த நாள், திருமண நாள், புது வீடு என்று மேலே எழுதப்பட்ட ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்கள் எல்லாம் தனித்தனியே பிரிக்கப்பட்டு எண்ணப்படும். பிறகு ஆராதனைப் பதிவேட்டில், பிரசங்கித்தவர் பெயருக்கும் திருவிருந்தில் பங்கேற்றவர்களின் எண்ணிக்கைக்கும் பக்கத்தில், அன்றைய காணிக்கைத் தொகை ஏறும். ஒரு சபையின் பணம் ஒழுங்காக இருக்கப் போகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த மேசையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது, திருநெல்வேலிச் சீமைச் சபையொன்றில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்து நான் அறிந்துகொண்டது.

அந்த மேசைக்குரிய விதிகள் மிகவும் எளியவை. ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேராவது சேர்ந்து எண்ண வேண்டும். எண்ணிய தொகையை அறையைவிட்டு வெளியேறும் முன் மையினால் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். எழுதிய தொகை எதுவோ அதுவே, ஒரு ரூபாய்கூடக் குறையாமல், அடுத்த வேலை நாளில் வங்கியில் கட்டப்பட வேண்டும். இதில் அடிக்கடி மீறப்படுவது கடைசி விதிதான், அதுவும் கெட்ட எண்ணத்தால் அல்ல. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியாருக்கு வழிச்செலவு கொடுக்க வேண்டியிருக்கும். ஒலிபெருக்கிக்காரர் வாசலில் காத்திருப்பார். மேசைமேல் பணம் இருக்கும்போது பீரோவைத் திறப்பானேன் என்று அதிலிருந்தே ஆயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியை அன்றைய காணிக்கை என்று எழுதிவிடுவார்கள். அந்த நொடியில் சபையின் வரவில் ஆயிரம் குறைகிறது, செலவில் ஆயிரம் காணாமல் போகிறது, வவுச்சர் என்ற ஒன்று பிறக்காமலே போகிறது. ஆண்டு இறுதியில் வரவு செலவைச் சரிபார்க்க வரும் ஆடிட்டருக்கு, எழுதப்படாத செலவைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. எல்லாச் செலவும் வங்கிக் கணக்கிலிருந்தோ, சில்லறைச் செலவுக்கென்று முன்கூட்டியே எடுத்து வைத்த தொகையிலிருந்தோதான் நடக்க வேண்டும் என்று கணக்கு அறிந்தவர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டில் நவீனம் எதுவும் இல்லை. இரண்டாம் இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் யோவாஸ் ராஜா, ஆலயத்தைப் பழுதுபார்க்கும்படி ஆசாரியர்களிடம் பணத்தை விட்டுவைக்கிறான். அவர்கள் தங்களுக்கு அறிமுகமானவர்களிடம் வாங்கித் தாங்களே செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ராஜாவின் இருபத்துமூன்றாம் வருஷம் வரை ஆலயம் பழுதுபார்க்கப்படவில்லை. அதன் பிறகு ஆசாரியனாகிய யோய்தா, மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டியைப் பலிபீடத்தண்டையில் வைக்கிறான். வாசற்படி காக்கும் ஆசாரியர்கள் பணத்தை அதில் போடுகிறார்கள். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் எழுத்தராகிய சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணி, பைகளில் கட்டி, வேலையை விசாரிக்கிறவர்கள் கையில் கொடுக்கிறார்கள். அவர்கள் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் கூலி கொடுக்கிறார்கள். வாங்குகிறவர், எண்ணுகிறவர், செலவிடுகிறவர் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதுதான் அந்தப் பெட்டியின் பயன். ஆசாரியர்கள் திருடினார்கள் என்று வேதம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; ஏற்பாடு பலன் தராதபோது ஏற்பாடு மாற்றப்பட்டது, அவ்வளவே. அதே அதிகாரத்தில், வேலையை விசாரித்தவர்கள் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்றும் வருகிறது. தணிக்கை வேண்டாம் என்று வாதிடுகிறவர்களுக்கு இந்த ஒரு வசனம் மட்டும் எப்படியோ மனப்பாடமாக இருக்கும். பணம் இரண்டு பேர் முன்னிலையில் எண்ணப்பட்ட பிறகே அவர்கள் கைக்குப் போனது என்பதை ஏனோ விட்டுவிடுவார்கள். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பவுலும் தனியே கொண்டுபோகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களை உடன் சேர்த்துக்கொண்டு, ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாக இருப்பதாகக் கொரிந்தியருக்கு எழுதுகிறார்.

பவுலின் அந்தக் கவலையின் பொருள் எனக்குப் புரிந்தது ஒரு சாவு வீட்டில். எனக்கு முன் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் கையில் இருக்கும் பணத்தைப் பற்றிக் கேட்பதே அவமரியாதை என்று ஊர் நினைத்த அளவுக்கு நேர்மையானவர். ஒரு நாள் இரவு மாரடைப்பில் இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கமிட்டி முன் வைத்தார். உள்ளே ஏழெட்டுக் கவர்கள் இருந்தன. சிலவற்றில் பென்சிலால் எழுதிய தொகை, சிலவற்றில் வெறும் பெயர், இரண்டில் ஒன்றுமே இல்லை. பேரேட்டின்படி இருக்க வேண்டிய கையிருப்புக்கும் டப்பாவில் இருந்ததற்கும் நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் வித்தியாசம் வந்தது. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அந்தக் குடும்பத்தை அதிகமாக வாட்டியது. மகன் கடன் வாங்கிக் கட்டினான். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, கோபுரத்துக்கு வெள்ளையடித்த மேஸ்திரி, ஐயா தந்த பணத்துக்குத் தான் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வித்தியாசத்தில் பெரும்பகுதி அதுதான். பணத்தைக் கமிட்டி திருப்பிக் கொடுத்தது. அந்த ஓராண்டைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ரசீதும் வவுச்சரும் திருடனைப் பிடிக்க மட்டுமே உள்ளவை என்று நினைக்கிற சபைகளில், அவற்றின் இன்மையால் முதலில் அடிபடுகிறவர் நேர்மையான பொருளாளராகவே இருக்கிறார்.

நம் சபைகளில் கணக்கு ஏன் இப்படி ஆள் நம்பிக்கையில் ஓடுகிறது என்பதற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பணம் பெருமளவு இங்கிலாந்திலிருந்து வந்தது. எனவே கணக்கும் இங்கிலாந்துக்கே போனது. இங்கிலாந்தின் மிஷனரி அமைப்பான சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், உள்ளூர்ச் சபை தன்னைத் தானே தாங்கவும், தானே ஆளவும், தானே பரப்பவும் வேண்டும் என்று வலியுறுத்தினார். திருநெல்வேலியில் அதற்கு முன்பே உள்ளூர் நிதிகளின் தொடக்கம் தெரிகிறது. கிறிஸ்தவர்களான பிறகு வீடும் நிலமும் இழந்தவர்களைக் குடியேற்ற நிலம் வாங்குவதற்கென்றே ஜெர்மானிய மிஷனரியான ரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். 1903இல், பின்னாளில் பேராயரான அசரியாவும் அவருடைய தோழர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதையே கொள்கையாக வைத்தார்கள். சமைக்க எடுக்கும் அரிசியில் வேளைக்கு ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவரும் பிடி அரிசிக் காணிக்கையை அந்தத் தற்சார்பின் முகம் என்றே சொல்லலாம். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானதோடு உள்ளூர்ப் பணம், உள்ளூர் நிர்வாகம் இரண்டும் மேலும் வலுப்பட்டன. ஆனால் கடல் கடந்து போய்க்கொண்டிருந்த கணக்கு, இனி காணிக்கை போடுகிற பனைத்தொழிலாளிக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும் முன்னால் வைக்கப்பட வேண்டும் என்ற மாற்றம் அதே வேகத்தில் நடக்கவில்லை என்பது என் கருத்து. பேராயரின் கீழுள்ள சபைகளின் அமைப்பான திருமண்டலத்தின் தேர்தல்கள் சட்டமன்றத் தேர்தலை விஞ்சும் சூட்டோடு நடப்பதும், சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளைத் திருச்சபை நிர்வாகத்துக்கு நியமிக்க நேர்ந்ததும் அந்தக் குறையின் பெரிய வடிவங்கள்.

எண்ணி, எழுதி, வங்கியில் போட்ட பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. சபையின் வங்கிக் கணக்கில் உள்ள பணம் எல்லாம் ஒரே நிறம் கொண்டதல்ல. ஞாயிறு காணிக்கையைக் கமிட்டி தன் பட்ஜெட்டின்படி செலவிடலாம். ஆனால் புது மணிக்கூண்டுக்கு என்று கொடுத்தது மணிக்கூண்டுக்கும், விதவைகள் உதவிக்கு என்று கொடுத்தது விதவைகளுக்கும் மட்டுமே உரியது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இதை 1267ஆம் விதியில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: விசுவாசிகள் குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும். அதே தொகுப்பின் 537ஆம் விதி ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒவ்வொரு ஊர்ச் சபையிலும், நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. 1287ஆம் விதி, மக்கள் கொடுத்ததற்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சீர்திருத்தத் திருச்சபையினரான நாம் இவற்றைப் படித்துக் கொஞ்சம் வெட்கப்படலாம். நம்மிடையே வழக்கமாக நடப்பது வேறு. டிசம்பரில் ஊழியர் சம்பளத்துக்குப் பணம் தட்டும். கட்டட நிதியில் மூன்று லட்சம் சும்மா கிடக்கும். ஈஸ்டருக்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று வாய்மொழியாகப் பேசி எடுப்பார்கள். ஈஸ்டருக்குள் கமிட்டி மாறிவிடும். அவசரத்துக்கு எடுக்கவே கூடாது என்பதல்ல. தீர்மான நோட்டில் எழுதி, திருப்பி வைக்கும் தேதியைக் குறித்து, கொடுத்தவர் உயிரோடிருந்தால் அவரிடம் சொல்லி எடுக்கலாம். பேரேட்டில் ஒவ்வொரு நிதிக்கும் தனிப் பக்கம் இருந்தால்தான் இந்தக் கடன் அடுத்த கமிட்டியின் கண்ணில் படும்.

இந்த இடத்தில் ஜே. சி. குமரப்பாவை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர், லண்டனில் கணக்காளர் பயிற்சி பெற்றவர். 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது நிவாரண நிதிக் கணக்கை மேற்பார்த்தவர் அவர். அங்கே வந்த காந்தியின் பரிவாரச் செலவைக்கூட அந்த நிதியில் எழுத அவர் ஒப்பவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். வீடிழந்தவர்களுக்கு என்று வந்த பணம், கொடுக்கச் சொன்னவரின் பயணத்துக்கு ஆகாது என்பதே அவர் எடுத்த நிலை. நம் சபைக் கமிட்டிகளில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை 'சட்டம் பேசுகிறவர்' என்பார்கள்.

இனி ஏலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் பகுதிச் சபைகளின் கணக்கு வேறெங்கும் இல்லாத விதத்தில் குழம்புவது அங்கேதான். அறுப்பின் பண்டிகையில் படைக்கப்படும் பூசணிக்காய், வாழைத்தார், சேவல், வீட்டில் சுட்ட முறுக்கு எல்லாம் ஆராதனைக்குப் பின் ஏலம் விடப்படும். இரண்டு மைத்துனர்கள் போட்டி போட்டு ஒரு சேவலை ஐயாயிரத்துக்கு ஏற்றுவார்கள், கூட்டம் கைதட்டும், எடுத்தவர் சேவலைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவார், பணம் பிறகு வரும். அந்தப் 'பிறகு' சிலருக்கு அடுத்த சனிக்கிழமை, சிலருக்கு அடுத்த அறுப்பின் பண்டிகை, சிலருக்கு மகளின் கலியாண அறிவிப்பான ஓலையை ஆலயத்தில் வாசிக்கக் கேட்டு வரும் நாள். ஏலம் கேட்ட தொகை முழுவதையும் அந்த ஆண்டு வரவாக எழுதினால் அறிக்கை செழிப்பாகத் தெரியும், ஆனால் வங்கியில் பணம் இருக்காது. அந்தச் செழிப்பை நம்பி அடுத்த ஆண்டு பட்ஜெட் போட்டால் ஜூலை மாதத்திலேயே தள்ளாட்டம் தொடங்கிவிடும். கைக்கு வந்ததை மட்டும் வரவாக எழுதி, வர வேண்டியதை ஏலப் பாக்கி என்று ஆள் பெயரோடு தனிப் பட்டியலாக வைப்பதே தகும். பாக்கியை ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் நிபந்தனையாக்கி வசூலிக்கும் பழக்கம் கணக்கை நேராக்கினாலும், உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்று பவுல் சொன்னதோடு அது ஒட்டவில்லை. ஏலம் முடிந்த கையோடு பணம் கட்டினால் மட்டுமே பொருள் என்று ஒரே ஓர் ஆண்டு அறிவித்துப் பார்த்தோம். தொகை பாதியானது, பாக்கிப் பட்டியல் ஒரு பக்கத்திலிருந்து மூன்று வரியானது.

அரசுச் சட்டத்தின் பக்கம் ஒரு பொருளாளர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியான சேகரம் பெரும்பாலும் தனி வரிதாரர் அல்ல. மேலமைப்பின் பதிவின்கீழ் வருவதால், ஒரு சிற்றூரின் பிழையும் மொத்தக் கணக்கில்தான் ஏறும். பதிவுபெற்ற சமய, அறநிலையங்கள் தம் ஆண்டு வருமானத்தில் குறைந்தது 85 விழுக்காட்டைத் தம் நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும். கட்டடம் போன்றவற்றுக்கு மேலும் சேர்த்துவைக்க வேண்டுமானால், நோக்கத்தை எழுதிக் கொடுத்து 5 ஆண்டுவரை வைக்கலாம். மிச்சப் பணத்தை அரசு வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு போன்று சட்டம் பட்டியலிட்ட வழிகளில்தான் போட வேண்டும்; சபையார் ஒருவரின் சீட்டிலோ, கூடுதல் வட்டி தரும் நிதி நிறுவனத்திலோ போடுவது, பணம் திரும்பி வந்தாலும் வரிவிலக்குக்கு ஆபத்து. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. பெயரில்லாத காணிக்கைக்கு அறநிலையங்கள் 30 விழுக்காடு வரி செலுத்த நேரலாம். முற்றிலும் சமய நோக்கமுள்ளவற்றுக்கு இதில் விலக்கு உண்டு, ஆனால் அப்படி வரும் பணம் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ என்று குறிக்கப்பட்டிருந்தால், சமயமும் அறப்பணியும் கலந்த நிறுவனங்களுக்கு அந்த விலக்குப் பொருந்தாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இவ்விதிகள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் பெரும்பாலும் எண் மாறித் தொடர்கின்றன. உதவிபெறும் பள்ளிகளில் பணிபுரியும் குருக்கள், கன்னியர் சம்பளத்திலும் வரிப் பிடித்தம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் கூறிவிட்டதால், வாங்கும் சம்பளத்தைச் சபைக்கே கொடுத்துவிடுகிறோம் என்ற வாதமும் முடிந்துவிட்டது.

அதிகமானோர் இடறுவது வெளிநாட்டுப் பணத்தில். ஊரில் பிறந்து வளர்ந்து, ஞாயிறு பள்ளியில் பாட்டுப் பாடி, இன்று கனடாவில் இருக்கும் பையன் ஆலய மேற்கூரைக்கு இரண்டு லட்சம் அனுப்புகிறான். அவன் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது சாதாரண நன்கொடை. கனடியக் குடியுரிமை எடுத்துவிட்டால் அதே பையன் அனுப்பும் அதே பணம் அயல்நாட்டுப் பங்களிப்பு ஆகிவிடும். அதைப் பெற 2010ஆம் ஆண்டு அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின், பதிவுபெற்ற அமைப்பும் அதைப் புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற முடியும். வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. 'நம்ம பையன்தானே' என்பது உறவுக்குப் பொருந்தும், சட்டத்துக்குப் பொருந்தாது.

கைப்பேசிப் பணம் வந்த பிறகு காணிக்கைப் பை இளைத்துவிட்டது. ஆலய வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு யார் கணக்குக்குரியது என்று ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். போதகரின் சொந்தப் பெயர் வந்தால், அவர் எவ்வளவு தூயவராக இருந்தாலும், சபையின் வருமானமும் அவர் வருமானமும் ஒரே குளத்தில் கலக்கின்றன. வரித்துறைக்கு அது அவர் வருமானம், வாரிசுகளுக்கு அது அவர் சொத்து. போதகரும் துணைவியாரும் மகனும் மட்டுமே அறங்காவலர்களாக இருக்கும் தனிச் சபைகளில் இது தினசரி நடப்பு. அங்கே செய்யக்கூடிய முதல் திருத்தம், உறவினரல்லாத இருவரை அறங்காவலர்களாகச் சேர்த்து, அறக்கட்டளைப் பெயரில் கணக்குத் தொடங்கி, காசோலைக்கு இரண்டு கையொப்பம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுப்பதுதான். கைப்பேசி வழி வரும் தொகைக்கும் ரசீது போட வேண்டும், பெயரை ஆராதனையில் வாசிக்கவும் வேண்டும். பெயர் வாசிப்பதைப் பெருமை என்று சிலர் குறை சொல்வதுண்டு; ஆனால் கவர் கொடுத்துவிட்டுத் தன் பெயர் வாசிக்கப்படாத பாட்டி ஆராதனை முடிந்ததும் நேரே வெஸ்ட்ரிக்கு வந்து கேட்பார் என்பதால், அதைவிட மலிவான தணிக்கை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் அச்சடித்த வரவு செலவு அறிக்கை விநியோகிக்கப்படும்போது பெரும்பாலோர் கடைசி வரியின் கையிருப்பை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது 'பலவகை' என்ற தலைப்பை. நான் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டு, பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஓர் அம்மா எழுந்து, "தம்பி, நாங்க பன்னெண்டு மாசமா அரிசி கொண்டாந்து வித்துக் குடுத்தோமே, அது இதுல எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார். பலவகை வரவில் சேர்த்திருக்கிறோம் அம்மா என்றேன். அவர் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று மாலை ரசீதுப் புத்தகங்களை எடுத்து மாதம் மாதமாகக் கூட்டினேன். அடுத்த ஆண்டு அறிக்கையில் ஞாயிறு காணிக்கைக்கு அடுத்த இரண்டாம் வரி, 'பிடி அரிசிக் காணிக்கை: ரூ. 4,380' என்று அச்சாயிற்று.